சத்திரத்தில் இடமில்லாதவர்களின் கிறிஸ்துமஸ்

ஒவ்வொரு டிசம்பரிலும் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் 'பிளாக் நேட்டிவிட்டி' என்ற பெயரில் கறுப்பின மக்கள் கிறிஸ்து பிறப்பை இசை நாடகமாகப் போடுகிறார்களே, அது என்ன? இயேசுவையும் மரியாளையும் கறுப்பர்களாகக் காட்டுவது வெறும் அரசியல்தானே? தங்களை அடிமைகளாக்கியவர்களின் மதத்தையே கொண்டாட அவர்களுக்கு எப்படி மனம் வருகிறது? கேட்கப்பட்ட கேள்விகள் இவை மூன்றும்தான். முதல் கேள்விக்குத் தகவல் சொன்னால் போதும். மூன்றாவது கேள்வி ஏறக்குறைய இதே வடிவில் 1935இல் கொழும்பிலேயே கேட்கப்பட்டிருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

'பிளாக் நேட்டிவிட்டி'யை எழுதியவர் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ். ஹார்லம் மறுமலர்ச்சி என்று சொல்லப்படும் 1920களின் கறுப்பினக் கலை இலக்கிய எழுச்சியில் புகழ்பெற்றவர்; ஹார்லம் என்பது நியூயார்க்கில் கறுப்பின மக்கள் மிகுந்த பகுதி. நாடகம் முதன்முதலில் மேடையேறியது 1961 டிசம்பர் 11ஆம் தேதி, நியூயார்க்கின் 41ஆம் தெருவில் இருந்த சிறிய அரங்கில். இயக்கியவர் வின்னெட் கேரல். பின்னாளில், 1972இல், நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளைக் குறிக்கும் பிராட்வேயில் நாடகம் இயக்கிய முதல் கறுப்பினப் பெண் என்ற பெயரைப் பெற்றவர் இவர்தான். பாடியவர்கள் மரியன் வில்லியம்ஸும் அவருடைய 'ஸ்டார்ஸ் ஆஃப் ஃபெய்த்' குழுவும், 'புரொஃபசர்' என்று அழைக்கப்பட்ட அலெக்ஸ் பிராட்ஃபோர்டும் அவருடைய குழுவும், பிரின்சஸ் ஸ்டூவர்ட் என்ற பாடகியும். இவர்களில் யாரும் பாட்டுப் பாடத் தெரிந்த நடிகர்கள் அல்லர். சபைகளிலும் எழுப்புதல் கூட்டங்களிலும் பாடிப் பாடித் தொண்டை பழுத்தவர்கள். இந்த ஒரு விவரத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் நாடகத்தின் பாதி புரிந்துவிடும்.

மேடையில் அலங்காரம் ஏதும் கிடையாது. ஏற்ற இறக்கமான சில மேடைத் தளங்கள், ஒரு நட்சத்திரம், முன்னணைக்கு ஓரிடம். மரியாளுக்கும் யோசேப்புக்கும் வசனமே இல்லை; இருவரும் நடனத்தால் மட்டுமே பேசுகிறார்கள். கதை சொல்லி ஒருவர் லூக்கா சுவிசேஷத்தின் வாக்கியங்களையும் ஹியூஸ் எழுதிய வரிகளையும் சொல்லிக்கொண்டு போவார், மற்றதெல்லாம் பாட்டு. முதல் பாகம் குழந்தையின் பிறப்போடு முடிகிறது. இரண்டாம் பாகத்தில் பெத்லகேமே இல்லை. நேரே, காஸ்பல் என்னும் துள்ளலான பக்தி இசை முழங்கும் இன்றைய கறுப்பினச் சபை ஒன்றின் ஆராதனைக்குள் போய்விடுகிறோம். சாட்சி சொல்கிறார்கள், போதகர் முழங்குகிறார், கைத்தட்டல் அதிர்கிறது. நாடக இலக்கணம் அறிந்த சிலர் இந்த இரண்டாம் பாகத்தைக் குறை சொல்வதுண்டு: கதை நின்றுபோய்க் கச்சேரியாகிவிடுகிறது என்று. குற்றச்சாட்டில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் நான் அதை மன்னித்துவிடுவேன். குழந்தை பிறந்த செய்தியைக் கேட்ட மேய்ப்பர்கள் ஓடிப்போய் ஊருக்கெல்லாம் சொன்னார்கள் என்கிறது லூக்கா. அந்தச் சொல்லல்தான் இரண்டாம் பாகம்.

தலைப்பிலேயே ஒரு சண்டை நடந்திருக்கிறது. ஹியூஸ் முதலில் வைத்திருந்தது ஒரு பழைய ஆன்மிகப் பாடலின் அடி, அந்த நாளின் வல்லமையை வியந்து பாடுவது. அது 'பிளாக் நேட்டிவிட்டி' என்று மாறியது. அப்போது நடனத்துக்கு ஒப்பந்தமாகியிருந்தவர்கள் ஆல்வின் எய்லியும் கார்மன் டி லவலாடும். தலைப்பை ஏற்க முடியாமல் இருவரும் முதல் காட்சிக்கு முன்பே விலகிவிட்டனர். எய்லி சாதாரண ஆள் அல்லர். அதற்கு முந்தைய ஆண்டுதான், கறுப்பினச் சபைகளின் பாடல்களை வைத்தே 'ரெவலேஷன்ஸ்' என்ற நடனத்தை உருவாக்கியிருந்தவர். அவருக்கே அந்தச் சொல் உறுத்தியது என்றால் காலத்தைப் பார்க்க வேண்டும். 1961இல் மரியாதையான சொல் 'நீக்ரோ'தான். ஒருவரைப் பார்த்து 'பிளாக்' என்று சொன்னால் வசை என்று எடுத்துக்கொண்டவர்கள் ஏராளம். அந்தச் சொல்லைத் தலைநிமிர்ந்து சொல்லும் வழக்கம் பரவியது அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில். அந்த வகையில் தலைப்பு சில ஆண்டுகள் முந்திக்கொண்டு வந்துவிட்டது.

இனி இரண்டாவது கேள்வி. இயேசுவுக்குக் கறுப்பு நிறம் பூசியது அரசியலா? இந்தக் கேள்வி நாடகத்தைப் பார்க்காமல் தலைப்பை மட்டும் பார்த்து எழுகிறது. மேடையில் யாரும் நிறத்தைப் பற்றி விவாதிப்பதில்லை. கறுப்பின மக்கள் இந்தக் கதையைத் தங்களுடையதாக ஆக்கிக்கொண்டது ஹியூஸுக்கு நூறாண்டுக்கும் முன்னால், தோட்டங்களில் அடிமைகளாக இருந்தபோது. அப்போது அவர்கள் பாடிய ஸ்பிரிச்சுவல் பாடல்களில் கிறிஸ்து பிறப்புப் பாடல்கள் எண்ணிக்கையில் குறைவு. அடிமைகளை மீட்ட மோசேயையும் யோர்தான் நதியையும் பாடுபவையே அதிகம். ஆனால் இருக்கும் சிலவற்றின் கனம் வேறு.

ஒரு பாட்டு மரியாளைப் பார்த்துக் கேட்கிறது: பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கப்போகிறாய்? வெளியிலிருந்து கேட்டால் தாலாட்டுக்குரிய செல்லக் கேள்வி. அடிமைத் தாய் ஒருத்தி பாடும்போது அது வேறு கேள்வியாகிவிடுகிறது. பிள்ளையே எஜமானின் சொத்து. பெயரையும் பல இடங்களில் அவனே வைத்தான். அந்தக் காலத்துக் கிறிஸ்துமஸையும் சேர்த்துப் பாருங்கள். பண்டிகையை ஒட்டிச் சில நாள் வேலைக்கு ஓய்வு கிடைக்கும். தானே அடிமையாக இருந்து தப்பிய ஃபிரெடரிக் டக்ளஸ், 1845இல் வெளியிட்ட தன் வரலாற்றில் அந்த விடுமுறையைத் தந்திரம் என்கிறார்: குடிக்க வைத்து, ஆட வைத்து, கிளர்ச்சி எண்ணத்தை ஆவியாக வெளியேற்றிவிடும் வழி. விடுமுறை முடிந்ததும் ஜனவரி முதல் தேதி. பல பகுதிகளில் அடிமைகளை வாடகைக்கு விடும் நாள் அது, விற்பனையும் நடக்கும். அன்று பிள்ளைகளை இழக்கப்போகும் தாய் முந்தைய இரவை எப்படிக் கழிப்பாள் என்று ஹாரியட் ஜேக்கப்ஸ் 1861இல் எழுதியிருக்கிறார். அவரும் அடிமைத்தளையிலிருந்து தப்பியவர். டிசம்பர் 25ஆம் தேதி குழந்தையை மடியில் வைத்திருக்கும் ஒருத்திக்கு ஒரு வாரத்தில் அது தன் மடியில் இருக்குமா என்பது தெரியாது. இப்படிப்பட்டவள் மரியாளைப் பாட, மரியாள் எந்த நிறம் என்று யாராவது சொல்லித்தர வேண்டுமா?

இன்று உலகெங்கும் கிறிஸ்துமஸில் பாடப்படும் 'மலைமேல் ஏறிச் சொல்' என்ற பாடலும் இந்த மரபில் வந்ததுதான். அதைத் தொகுத்து 1907இல் அச்சில் தந்தவர் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் வெஸ்லி வொர்க். அதே ஃபிஸ்கின் மாணவர் குழுதான் 1871இல் கல்லூரிக்கு நிதி திரட்டப் புறப்பட்டு, ஸ்பிரிச்சுவல் பாடல்களை வெளியுலகின் காதில் முதலில் போட்டது. இந்த மரபோடு 1930களில் சிகாகோவில் தாமஸ் டார்சி என்ற பியானோக் கலைஞர், கறுப்பின மக்களின் துயர இசையான புளூஸைக் கலந்தார். அதுவரை மதுக்கூடங்களில் வாசித்துக்கொண்டிருந்தவர் அவர். அந்தக் கலப்பிலிருந்து எழுந்ததுதான் இன்று நாம் காஸ்பல் என்று சொல்லும் இசை. கௌரவமான கறுப்பினச் சபைகள் பல முதலில் அதற்குக் கதவைச் சாத்தின, சாராயக்கடைச் சங்கீதம் கோயிலுக்குள் எதற்கு என்று.

சரி, அரசியலே இல்லையா என்றால், இருக்கிறது. அதைத் தேட வேண்டிய இடம் நிறம் அல்ல, சத்திரம்.

"சத்திரத்திலே அவர்களுக்கு இடமில்லாதிருந்தபடியால்" என்று தமிழ் வேதாகமத்தில் படித்துவிட்டு நாம் சாதாரணமாகக் கடந்துவிடுகிறோம். 1961இல் அந்த அரங்கில் உட்கார்ந்திருந்த கறுப்பினப் பார்வையாளர் கடந்துபோக முடியாத வாக்கியம் அது. அமெரிக்காவின் தெற்கில் அவர்களுக்கு ஹோட்டல் அறை தர மாட்டார்கள். வடக்கிலும் பல இடங்களில் நாசூக்காக மறுத்துவிடுவார்கள். எந்த ஊரில் யார் வீட்டில் தங்கலாம், எந்தக் கடையில் சாப்பிடலாம் என்று பட்டியலிட்டு 1936 முதல் ஒரு பயணக் கையேடே ஆண்டுதோறும் வந்துகொண்டிருந்தது. அதை வெளியிட்டவர் விக்டர் கிரீன் என்ற ஹார்லம் தபால்காரர். நாடகம் அரங்கேறிய அதே ஆண்டின் மே மாதத்தில்தான், பஸ்களில் நிறப் பாகுபாட்டை எதிர்த்துப் பயணம் செய்த இளைஞர்கள் அலபாமாவில் அடித்து நொறுக்கப்பட்டார்கள், அவர்கள் போன பஸ் கொளுத்தப்பட்டது.

இடமில்லை என்று பாடும் பழைய பாட்டு ஒன்று உண்டு. காஸ்பல் பாடகர்கள் வாயில் அதன் சத்திரம் ஹோட்டலாகிவிடும். பெட்டி தூக்கும் பையன், சமையல்காரர், பரிமாறும் பெண் என்று ஹோட்டல் ஊழியர்கள் வரிசையாக வருவார்கள். அன்று கதவு மூடப்பட்டதற்குப் பரலோகத்தில் அவர்களே சாட்சிகள். அந்த வேலைகளைச் செய்தவர்கள் யார் என்று பாட்டு சொல்வதில்லை. சொல்லத் தேவையில்லை. தங்கத் தமக்கு உரிமையில்லாத ஹோட்டல்களில் கறுப்பின மக்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலைகள் அவை. இரண்டாயிரம் ஆண்டு பழைய கதையின் போக்கை மாற்றாமலே இவ்வளவு கோபத்தை ஏற்ற முடியும் என்பது எனக்கு இன்றும் வியப்பு. சிரித்துக்கொண்டே கைதட்டிப் பாடக்கூடிய மெட்டு என்பது இன்னும் வியப்பு.

ஹோட்டல்கள் நிறம் பார்த்து ஆளைத் திருப்பி அனுப்பக் கூடாது என்ற சட்டம் 1964 ஜூலையில் வந்தது. அட்லாண்டாவின் ஒரு மோட்டல் அதை எதிர்த்து வழக்காடியது. உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்ன நாள் 1964 டிசம்பர் 14. கிறிஸ்துமஸுக்குப் பதினொரு நாள் முன்பு.

கொழும்புக்கு வருகிறேன். 1935இல் ஹோவர்ட் தர்மன் என்ற கறுப்பின இறையியலாளர் அமெரிக்க மாணவர்களின் நட்புக் குழுவுக்குத் தலைமையேற்று இந்தியா, பர்மா, இலங்கைக்கு வந்தார். கொழும்புச் சட்டக் கல்லூரியில் அவர் பேசி முடித்ததும் கல்லூரியின் பொறுப்பில் இருந்தவர் காப்பி அருந்த அழைத்தார். காப்பியைப் பேசாமலே குடித்து முடித்தார்கள். பிறகு அவர் கேட்டார். உம் முன்னோரை ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோனவர்கள் கிறிஸ்தவர்கள். அடிமை வியாபாரத்தில் பணம் சேர்த்தவர் எழுதிய பாட்டைச் சபைகளில் பாடுகிறீர்கள். விடுதலை கிடைத்த பின்னும் உங்களை உயிரோடு கொளுத்துபவர்களும் கிறிஸ்தவர்களே. படித்த மனிதரான நீர் அந்த மதத்தின் சார்பாக இங்கே வந்து நிற்பது உலகத்தின் கறுத்த மக்கள் அனைவருக்கும் செய்யும் துரோகம் அல்லவா? வார்த்தைகள் என்னுடையவை, சாரம் இதுதான்.

தர்மன் இந்தக் கேள்வியைப் பதினான்கு ஆண்டுகள் சுமந்தார் என்று சொல்லலாம். 1949இல் வெளிவந்த 'இயேசுவும் உரிமை பறிக்கப்பட்டவர்களும்' என்ற அவருடைய புத்தகம் கொழும்புக் காட்சியைச் சொல்லித்தான் தன் கேள்வியை எழுப்புகிறது. அவர் தரும் விடை இவ்வளவு: இயேசு ஏழை, யூதர், ரோமப் பேரரசின் காலடியில் கிடந்த சிறுபான்மையில் ஒருவர். அவருடைய மதம் வேறு, பேரரசுகளின் கையில் அது அடைந்த வடிவம் வேறு. இந்த வேறுபாட்டை அவர் எந்தக் கல்லூரியிலும் கற்கவில்லை. அடிமையாகப் பிறந்த பாட்டிக்கு வேதாகமம் வாசித்துக் காட்டுவது சிறுவன் தர்மனின் வேலை. வேதாகமத்தில் பவுல் எழுதிய கடிதங்களான நிருபங்களைப் பாட்டி வாசிக்கவே விட மாட்டார். அன்பைப் பற்றிய அந்த ஒரு அதிகாரத்துக்கு மட்டும் எப்போதாவது அனுமதி. காரணம் கேட்டதற்குப் பாட்டி சொன்னார்: எஜமானின் வெள்ளைக்காரப் போதகர் வரும்போதெல்லாம் எடுக்கும் வசனம், வேலைக்காரரே உங்கள் எஜமான்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்பது. விடுதலை கிடைத்து, எழுத்தும் கற்றால், வேதாகமத்தின் அந்தப் பகுதியை ஒருபோதும் தொடுவதில்லை என்று அன்றே சபதம் செய்துகொண்டாராம். எஜமானின் மதத்தை அப்படியே விழுங்கியவர் செய்கிற வேலையா இது? வேண்டியதை எடுத்து, வேண்டாததைத் தள்ளினார்கள். எடுத்தவற்றில் ஒன்று, பேரரசனின் குடிமதிப்புக் கட்டளையால் நிறைமாதத்தில் ஊர்விட்டு ஊர் அலைந்த ஒருத்தியின் கதை. கொடுங்கோலனுக்குத் தப்பி எகிப்துக்கு ஓடிய குடும்பத்தின் கதை.

ஒரு முரண்பாட்டைச் சொல்லாமல் விட்டால் பதில் நேர்மையாக இராது. இவ்வளவு பக்தி ததும்பும் நாடகத்தை எழுதிய ஹியூஸ் சபைக்குப் போகும் ஆள் அல்லர். பதின்மூன்று வயது நிரம்பாத சிறுவனாக அத்தையின் சபையில் எழுப்புதல் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து இரட்சிக்கப்பட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் இவர் ஒருவர்தான் மிச்சம். ஒளி தெரியும், இயேசு வருவார் என்று சொல்லியிருந்தார்கள்; எதுவும் வரவில்லை. சபையே அழுது வேண்டுகிறது, நேரமாகிறது. எல்லாரையும் காக்க வைத்த வெட்கத்தில் எழுந்து நின்றுவிட்டார். அன்று இரவு போர்வைக்குள் அழுதார். பரிசுத்த ஆவி வந்திறங்கியதால் பையன் அழுகிறான் என்று அத்தை மகிழ்ந்தார். பொய் சொல்லிவிட்டோமே என்றுதான் பையன் அழுதான். 1940இல் வந்த தன்வரலாற்றில் ஹியூஸே இதை எழுதியிருக்கிறார். இடையில் 1932இல், இடதுசாரி வேகத்தில், கிறிஸ்துவுக்கு விடைகொடுத்து ஒரு கவிதை எழுதி, அதற்காகப் பல ஆண்டுகள் வசை வாங்கினார். 1953இல், கம்யூனிஸ்டுகள் என்று சந்தேகிக்கப்பட்டவர்களை விசாரித்த செனட்டர் மெக்கார்த்தியின் குழு முன்னும் நிற்க வேண்டியிருந்தது.

அவர் மனம் மாறிவிட்டார் என்று சிலர் இதற்கு விளக்கம் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இயேசு வரவில்லை என்றாலும், அந்த இரவில் சபை பாடியது அவருக்குள் வந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க அவர் விசுவாசித்தது அந்தக் குரல்களை. அதனால்தான் பிரதியில் தன் எழுத்தைச் சுருக்கிக்கொண்டு பாடகர்களுக்கு இடம்விட்டார். பெரிய கவிஞர் ஒருவர் இத்தனை அடக்கமாக ஒதுங்கி நின்ற படைப்புகள் அரிது.

அந்தக் காலியிடம்தான் நாடகத்தை அறுபது ஆண்டுகளுக்கு மேல் உயிரோடு வைத்திருக்கிறது. 1962இலேயே இத்தாலியின் ஸ்போலேட்டோ விழாவுக்கும் லண்டனுக்கும் போய் வந்தது. பாஸ்டனில் எல்மா லூயிஸ் நிறுவிய ஆப்பிரிக்க அமெரிக்கக் கலைஞர்களின் தேசிய மையம் 1970 முதல் இதைப் போட்டுவருகிறது. அங்கே குழந்தைகளாக நடித்தவர்கள் வளர்ந்து, தம் பிள்ளைகளை மேடையேற்றும் அளவுக்கு அது குடும்ப வழக்கமாகிவிட்டது. சியாட்டிலில் பல ஆண்டுகள் உள்ளூர் காஸ்பல் குழுவோடு நடந்தது. மினசோட்டாவின் பெனம்ப்ரா அரங்கம் தனக்கென்று ஒரு வடிவம் வைத்திருக்கிறது. கிளீவ்லாந்தின் கரமு ஹவுஸ் அரங்கமும் போடுகிறது. பள்ளி மாணவனாக ஹியூஸ் போய்வந்த இடம் அது. ஒரு நகரத்தில் பார்த்தது இன்னொரு நகரத்தில் அப்படியே கிடைக்காது. பாட்டு மாறும், காலம் மாறும், மேய்ப்பர்களின் உடை மாறும். 2013இல் இதை ஒட்டி ஒரு திரைப்படமும் வந்தது. ஜெனிஃபர் ஹட்சன் பாடியிருக்கிறார். ஆனால் பேரனும் தாத்தாவும் சேரும் குடும்பக் கதைக்குள் பிறப்புக் கதையை அடக்கிவிட்டதால், எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், முதல் குழுவின் பாடல்களை வீ-ஜே நிறுவனம் இசைத்தட்டாக வெளியிட்டிருக்கிறது, அதைக் கேளுங்கள். மரியன் வில்லியம்ஸ் அடித்தொண்டையில் உறுமிக்கொண்டிருப்பார். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் குரல் சட்டென்று உச்சிக்கு ஏறி 'ஊ' என்று ஒரு கூவல். ராக் இசையின் லிட்டில் ரிச்சர்டு தன் புகழ்பெற்ற கூவலை இவரிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார். அந்த இடத்தில் பின்னால் நிற்கும் பெண்கள் பாட்டை விட்டுவிட்டு அவருக்குப் பதில் சொல்லத் தொடங்குவதைக் கவனியுங்கள்.